ஷாட் ஏறும் ஆற்றுக்கு இரண்டு பேராகப் போங்கள்

ஏப்ரல் தொடங்கியதும் நியூ ஜெர்சித் தமிழர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நானும் நண்பனும் டெலவேர் ஆற்றுக்கு ஷாட் மீன் பிடிக்கப் போகலாமென்று இருக்கிறோம். ஃப்ளை ராட் சரிப்படுமா? என்ன ஃப்ளை வாங்குவது?" சரிப்படும். ஃப்ளையை, அதாவது முள்ளில் கட்டிய போலி இரையை, பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கூட ஒருவர் வருகிறாரே, அதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி. அதைப் பயன்படுத்தத் தெரியாமல்தான் பல ஜோடிகள் வெறுங்கையோடு வீடு திரும்புகின்றன.

பொதுவாக நடப்பது இது. இருவரும் ஒரே கடையில் ஒரே லைனும் ஒரே நிற ஃப்ளையும் வாங்குவார்கள். தோளோடு தோள் நின்று ஒரே மாதிரி வீசுவார்கள். ஒரே மாதிரி ஏமாறுவார்கள். ஷாட் பிடிப்பதில் முக்கால் பங்கு, மீன் எந்த ஆழத்தில் போகிறது என்று கண்டுபிடிப்பது. எட்டடி ஆழத்தில் மீன் போய்க்கொண்டிருக்க, உங்கள் ஃப்ளை நாலடியில் நீந்தினால் பொழுது சாயும்வரை வீசினாலும் ஒன்றும் ஆகாது. தனி ஆள் ஒவ்வோர் ஆழமாகத் தேடித்தான் ஆகவேண்டும். இருவர் என்றால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். அமெரிக்கன் ஷாட் நம்முடைய மத்திக்கும் உல்லத்துக்கும் உறவு. கடலில் மூன்று முதல் ஆறு வருடம் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். அட்லாண்டிக் கரையோர ஆறுகளின் ஷாட் கூட்டங்கள் பலவும் கோடையைக் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கழிக்கின்றன. ஆற்றில் ஏறும்போது ஏறக்குறைய ஒன்றுமே தின்பதில்லை. அப்படியிருந்தும் மூக்குக்கு நேரே பளிச்சென்று ஒன்று போனால் கடித்துவிடுகிறது. எரிச்சலா, பழைய பழக்கமா என்று ஆற்றங்கரையில் ஆளுக்கொரு கட்சி உண்டு. நமக்குத் தேவையான பாடம் ஒன்றுதான்: பசியில்லாத மீன் இரையைத் தேடி மேலேயும் கீழேயும் அலையாது. ஃப்ளைதான் அது போகும் வழிக்குப் போகவேண்டும்.

ஆண் மீன்கள் முதலில் வரும். பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு பவுண்டு. சினை நிறைந்த பெண் மீன்கள் பின்னால் வரும். நாலிலிருந்து ஆறு பவுண்டு சாதாரணம். 1986இல் கனெடிகட் ஆற்றில் பிடிபட்ட 11 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் தூண்டிலில் பிடித்ததில் உலக சாதனை. அதைக் கனவில் வைத்துக்கொள்ளுங்கள், கைவலை அளவைத் தீர்மானிக்க வேண்டாம்.

டெலவேருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஏறத்தாழ 330 மைல் ஓடும் அதன் பிரதான ஓட்டத்தில் குறுக்கே அணை கிடையாது. கடல் வாயிலிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் ஹேன்காக் வரை மீன் தடையில்லாமல் ஏறலாம். காவிரியில் உல்லம் ஏறிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதலில் கொள்ளிடத்தின் கீழணை, பிறகு 1934இல் மேட்டூர் என்று அணைகள் எழுந்தபின் அந்த மீன்வளம் தேய்ந்துபோனது. டெலவேரைக் கெடுத்தது வேறு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃபிலடெல்ஃபியா அருகே கழிவு கலந்து நீரில் உயிர்வளி இல்லாமல் போனது. ஏறிவந்த ஷாட் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. 1972இன் தூய நீர்ச் சட்டத்துக்கும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த சுத்திகரிப்புக்கும் பிறகே கூட்டம் திரும்பியது. இப்போதும் பழைய காலத்து எண்ணிக்கை இல்லை. பிடித்ததையெல்லாம் பெட்டியில் போடாதீர்கள் என்று கீழே நான் சொல்லப்போவதற்குக் காரணம் அதுவே.

எப்போது போவது? காலண்டரைவிடத் தெர்மாமீட்டரை நம்புங்கள். ஆற்று நீர் 50 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் மீன் நகரத் தொடங்கும். 55இலிருந்து 65 வரை நல்ல காலம். 70ஐத் தாண்டினால் ஏற்றம் முடிந்த மாதிரி. லாம்பர்ட்வில் பக்கம் ஏப்ரல் பின்பாதியும் மே முதல் வாரமும் சூடுபிடிக்கும். டெலவேர் வாட்டர் கேப் பக்கம் மே முன்பாதி. அதற்கும் மேலே காலிக்கூன், ஹேன்காக் என்றால் மே கடைசி, சில வருடம் ஜூனும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை டிரென்டன், ரீகல்ஸ்வில், பெல்விடியர், போர்ட் ஜெர்விஸ் ஆகிய இடங்களில் நீரளவுமானிகள் வைத்து இணையத்தில் அளவுகளைக் காட்டுகிறது. மழைக்குப் பின் ஏறிய நீர் இறங்கிக்கொண்டிருக்கும் நாள், அதுவும் நீர் தெளிந்துகொண்டிருக்கும் நாள், நல்ல நாள். கலங்கல் ஏறிக்கொண்டிருந்தால் வீட்டில் இருங்கள்.

இன்னொரு துப்பும் உண்டு. லாம்பர்ட்வில்லில் லூயிஸ் குடும்பம் 1888 முதல் ஷாட் மீனுக்குக் கரைவலை இழுத்து வருகிறது. படகில் வலையைச் சுற்றிக் கொண்டுவந்து பத்துப் பேர் கூடி இழுப்பதைப் பார்த்தால் நம் கடற்கரை நினைவு வரும். அங்கே வலையில் மீன் விழத் தொடங்கிவிட்டதென்றால் அந்தப் பகுதிக்குக் கூட்டம் வந்துவிட்டது. எடிசனிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மீன் பிடிக்கப் போகாவிட்டாலும் ஒரு மாலை குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பதடி நீளத்தில் ஏழு அல்லது எட்டாம் எண் ராட். ஆறாம் எண்ணிலும் மீன் வரும், ஆனால் பெண் ஷாட் நீரோட்டத்துக்குக் குறுக்கே உடம்பைத் திருப்பி நின்றுவிட்டால் போராட்டம் நீளும், மீன் சோர்ந்துபோகும். லைனை மென்மையாக விட்டுக்கொடுக்கும் டிராக் (ரீலின் தடை) உள்ள ரீல். லைன் மூழ்கும் வகையாக இருக்கவேண்டும். மிதக்கும் லைனைக் கொண்டுவந்து ஃப்ளையில் ஈயத்தை மட்டும் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆறு விரைவில் புத்தி சொல்லும். மூழ்கும் லைனின் நுனியில் கட்டும் தங்கூசி நாலிலிருந்து ஆறடி போதும். அதை நீளமாக விட்டால் லைன் அடியில் போகும், ஃப்ளை மேலே மிதக்கும், காசு வீண். கடைசித் துண்டு எட்டுப் பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன். ஃப்ளை ஆறு அல்லது எட்டாம் எண் முள்ளில், மணிக்கண் வைத்து, உடம்பு மெலிந்ததாக. அடர் இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை, ஆரஞ்சு ஆகிய மூன்று நிறமும் பெட்டியில் இருந்தால் போதும். நிறத்தைப் பற்றிக் கரையில் நடக்கும் விவாதங்களில் பாதிக்குமேல் பொழுதுபோக்கு.

இனி இருவர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் டைப் 3 லைன் வாங்குங்கள், மற்றவர் டைப் 6. முதலாவது நொடிக்கு ஏறத்தாழ மூன்று அங்குலம் மூழ்கும், இரண்டாவது ஏறத்தாழ ஆறு. எட்டடி ஆழத்துக்கு அசையாத நீரில் முதலாவதற்கு 32 நொடி ஆகும், இரண்டாவதற்கு 16. ஓடும் நீரில் இந்தக் கணக்கு அப்படியே நிற்காது. ஓட்டம் லைனைத் தூக்கிவிடும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது. வீசியதும் எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணினாலும் தப்பில்லை.

வீச்சு இப்படி: ஆற்றுக்குக் குறுக்கே, சற்றே கீழ்நோக்கி வீசுங்கள். லைன் நீரைத் தொட்ட உடனே அதன் வயிற்றை மேல்நீர்ப் பக்கம் தூக்கிப் போடுங்கள், ஓட்டம் அதை இழுக்காமல் கொஞ்ச நேரம் மூழ்க இடம் கிடைக்கும். எண்ணி முடித்ததும் லைனை இறுக்கினால் ஃப்ளை அரைவட்டமாகக் கரைப்பக்கம் வரத் தொடங்கும். அது உங்களுக்கு நேர்கீழே வந்து தொங்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். ஷாட் கடிப்பதில் பெரும்பகுதி அந்தத் தொங்கலில்தான். ஐந்தாறு நொடி சும்மா விடுங்கள். பிறகு கையளவு கையளவாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். பொறுமையற்றவர்கள் தொங்கலுக்கு முன்பே லைனை எடுத்துவிட்டு "மீனே இல்லை" என்பார்கள்.

எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. மூழ்கிய லைனை ஆழத்திலிருந்து ஒரேயடியாகப் பின்னால் சுழற்றினால் ராட் வளையும், ஃப்ளை எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் பெரும்பகுதியை இழுத்துக்கொண்டு, மீதியை முன்பக்கம் உருட்டி மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, அதன்பின் வீசுங்கள். கனமான ஃப்ளையோடு வீசும்போது இருவரும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

எட்டு வீச்சு, பத்து வீச்சு ஒரே எண்ணிக்கையில் வீசுங்கள். ஒன்றும் நடக்கவில்லையா, இரண்டு கூட்டுங்கள். ஃப்ளை அடிக்கற்களை அவ்வப்போது உரசினால் அடியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், ஒன்றோ இரண்டோ குறையுங்கள். ஷாட் தன் மட்டத்திலோ சற்று மேலேயோ போவதைத்தான் கடிக்கும், கீழே குனிந்து எடுப்பது அரிது. ஒருவருக்கு மீன் பட்ட நொடியில் அந்த எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும்: "மச்சான், பதினாலு! பிங்க்!" மற்றவர் உடனே தன் லைனுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் இன்னும் இரண்டு மீன் பிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்கும் நண்பரை மாற்றிவிடுவது நல்லது. ஷாட் தனியாக வராது. கூட்டம் கடந்து போக இருபது நிமிடமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். அதற்குள் இருவரும் சரியான ஆழத்துக்கு வந்துவிட்டால்தான் லாபம்.

நிற்கும் இடம்: வேகநீரும் மெதுநீரும் உரசும் கோடு, பாறைத் திட்டுக்குக் கீழுள்ள மடு, மடு முடிந்து நீர் ஆழம் குறையும் வால்பகுதி. வேகத்தை எதிர்த்து ஏறும் முன் ஷாட் இளைப்பாறும் இடங்கள் இவை. நல்ல வெயிலில் மீன் ஆழமான ஓடையின் நடுவில் அடியில் ஒட்டிப்போகும். காலையிலும் மாலையிலும் மேலே வரும். வெயில் நீரைவிட்டு விலகிய பிறகு எண்ணிக்கையைக் குறைக்க மறக்காதீர்கள். மதியம் சரியாக இருந்த பதினாலு, ஆறு மணிக்கு அதிகம்.

இருவருக்கும் இடையே 60 அடியாவது இடம் விடுங்கள். யார் மேலே, யார் கீழே? நியூ ஜெர்சிக் கரையில் ஆற்றைப் பார்த்து நின்றால் நீர் வலமிருந்து இடமாகப் போகும். ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை என்றால் வலக்கைக்காரர் மேலே, இடக்கைக்காரர் கீழே நில்லுங்கள், இரண்டு லைனும் வெளிப்பக்கமாகவே சுழலும். பென்சில்வேனியாக் கரையில் இதைத் தலைகீழாக்குங்கள். இருவரும் வலக்கையென்றால் இடைவெளிதான் காப்பு. மேல்நீரில் இருப்பவர் இரண்டு மூன்று வீச்சுக்கொரு முறை ஓரடி கீழே நகர, கீழே இருப்பவரும் நகர, மடுவின் வால்வரை போனதும் கீழே இருப்பவர் கரையேறி மேலே வந்து நிற்கலாம். இப்படிச் சுற்றினால் நல்ல இடத்தை ஒருவரே குத்தகைக்கு எடுக்க முடியாது. ஆனால் மீன் கடிக்கத் தொடங்கிவிட்டால் நகர்வதை நிறுத்துங்கள். இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: ஒருவர் ஒரு மீன் கொண்டுவந்ததும் அடுத்தவர் அங்கே நிற்கட்டும்.

மீன் பட்டால் மற்றவர் தன் லைனைச் சுற்றிக்கொண்டு ஒதுங்க வேண்டும். ஷாட் மீனின் வாயோரச் சவ்வு நனைந்த அப்பளம் மாதிரி, முறுக்கி இழுத்தால் கிழிந்து முள் கழன்றுவிடும். ராட்டை வெடுக்கென்று தூக்காதீர்கள். லைனை இறுகப் பிடித்திருந்தால் போதும், முள் தானே ஏறும். டிராக்கைத் தளர்வாக வையுங்கள். ஓடுகிறதா, விடுங்கள். குதிக்கிறதா, ராட் நுனியைச் சற்றுத் தாழ்த்துங்கள். ஓட்டத்தில் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் மீனை மேலே இழுத்துவர முயல்வதைவிட, நீங்கள் இரண்டடி கீழே நடந்து அதற்கு நேராக வருவது எளிது. கைவலை வைத்திருக்கும் நண்பர் மீனுக்குக் கீழ்நீரில் அசையாமல் நிற்கட்டும், வலையை முன்பே நீரில் ஆழ்த்திவைக்கட்டும். மீனை நோக்கி வலையை வீசிக் குத்தினால், பிடிபடவிருந்த மீனும் போகும், நட்பும் கொஞ்சம் ஆட்டம் காணும்.

விடப்போகும் மீனை நீரைவிட்டு எடுக்காதீர்கள். ஷாட் மீனின் செதில் தொட்டால் உதிரும். பார்க்க முரடாகத் தெரிந்தாலும் கைபட்டால் தாங்காத மீன். தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை நசுக்கிவைத்தால் ஒரு திருகில் கழன்றுவிடும். தென்பகுதி ஆறுகளில் ஷாட் முட்டையிட்டதும் இறந்துவிடும். வடக்கே போகப் போக ஒரு பகுதி பிழைத்துக் கடலுக்குத் திரும்பி மறு வருடமும் ஏறிவரும். நீங்கள் விடும் மீன் அதில் ஒன்றாக இருக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஏப்ரல் ஆற்று நீரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறும், கொஞ்ச நேரத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. மார்புவரை வரும் வேடர்ஸ் உடைக்கு இடுப்புப் பட்டை கட்டாமல் ஆற்றில் காலே வைக்காதீர்கள். ஊன்றுகோல் ஒன்று இருக்கட்டும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்கள் கீழ்நீரைப் பார்க்க மிதந்து, கரையோரம் ஒதுங்குங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறையிடுக்கில் சிக்கும். லாம்பர்ட்வில்லுக்குச் சற்றுக் கீழே, ஆற்றை முழுதாக மறிக்காத பழைய தடுப்பணையின் இடைவெளியில் நீர் பாய்வது அழகாக இருக்கும். அதை எட்ட நின்று பாருங்கள். பாதியிருட்டில் மீன் கடிக்கும் நேரமே கரையேற வேண்டிய நேரமும். எந்த வழியாக வெளியேறுவது என்பதை வெளிச்சத்திலேயே பார்த்துவைத்து, எத்தனை மணிக்கு என்பதை இருவரும் முன்கூட்டியே பேசிவையுங்கள். அப்போது "இன்னும் ஒரே ஒரு வீச்சு" என்பவரை மற்றவர் இழுத்துவரலாம்.

படகில் போகிறவர்களுக்கு இரண்டே சொற்கள். நங்கூரத்தை முன்னணியத்தில் கட்டுங்கள், பின்பக்கம் கட்டினால் ஓட்டம் படகை மூழ்கடிக்கும். பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 16 அடிக்குக் குறைந்த படகில் உயிர்காப்பு அங்கியை உடம்பில் போட்டிருக்க வேண்டும், காலடியில் வைத்திருந்தால் போதாது.

நியூ ஜெர்சியில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். 70 வயதும் அதற்கு மேலும் ஆன மாநிலவாசிகளுக்கு விலக்கு உண்டு. நீங்களும் நண்பரும் வெவ்வேறு மாநிலத்தவர் என்றாலும் சிக்கலில்லை, நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் எல்லையாக ஆறு ஓடும் பகுதியில் இரண்டில் எந்த மாநில உரிமமும் செல்லும். ஒரு நாளைக்கு எத்தனை ஷாட் வைத்துக்கொள்ளலாம் என்பது மாறக்கூடியது. போகும் வருடத்தின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். ஷாட் கூடவே ஏறும் சிறிய ரிவர் ஹெர்ரிங் வகைகளை 2012 முதல் நியூ ஜெர்சியில் வைத்துக்கொள்ளவே கூடாது. ஒரு அடிக்குள் அடங்கும் வெள்ளி மீனைக் கண்டால் எண்ணிப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

சட்டம் எத்தனை அனுமதித்தாலும் இருவருக்கும் சேர்த்து ஒரு பெண் மீன் போதும் என்பது என் கருத்து. உடனே செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு ஐஸில் வையுங்கள். ஷாட் மீனின் முள் பிரசித்தம். மணிக்கணக்கில் அடுப்பில் வைத்தால் முள் கரைந்துவிடும் என்று ஒரு பழைய செய்முறை சுற்றி வருகிறது. முள்ளுக்கு முன் மீன் கரைந்துவிடும். இங்கே ஹில்சாவுக்கு, அதாவது நம் உல்லத்துக்கு, ஏங்கும் வங்காளிகள் பலர் அதற்குப் பதில் ஷாட் வாங்குகிறார்கள். முள்ளோடு வாழ்ந்த அவர்கள் வழிதான் நமக்கும் உதவும். தோலோடு துண்டாக்கி, இருபுறமும் கத்தியால் நெருக்கமாகக் குறுக்கே கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பூசி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் நுண்முள் பெரும்பாலும் பல்லுக்கு அடங்கும். பெரிய முள்ளைக் கையால்தான் எடுக்கவேண்டும், அதனால் குழந்தைகளுக்குப் பிசைந்து கொடுக்க இது ஏற்ற மீன் இல்லை.

சினையை மட்டும் வீணாக்காதீர்கள். இரட்டைப் பையாக இருக்கும், ஆளுக்கொன்று, சண்டையில்லை. மேல்சவ்வு கிழியாமல் எடுத்து, மிளகும் உப்பும் தடவி, சின்ன வெங்காயம் வதக்கிய தவாவில் சிறு தீயில் மூடிவைத்துப் பொரியுங்கள். தீயைக் கூட்டினால் முட்டை வெடித்து எண்ணெய் அடுப்படியெங்கும் தெறிக்கும். ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டால் அது குறையும்.